வருகைப் பதிவேட்டில் எழுதப்படாத காரணம்

சாத்தான்குளம் நீதிமன்றத்துக்கு வழக்குக்காகச் செல்லும் நாட்களில், பள்ளி தொடங்கும் நேரத்துக்குச் சற்று முன்பாகவே பேருந்து நிலையத்தில் இறங்கிவிடுவோம். நாசரேத், திசையன்விளை, உடன்குடி, ஸ்ரீவைகுண்டம் என்று நாலா திசைக்கும் செல்லும் பேருந்துகளில் சீருடையணிந்த பிள்ளைகள் முண்டியடித்து ஏறிக்கொண்டிருப்பார்கள். 2020 ஜூனில் ஜெயராஜும் பென்னிக்ஸும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்த பின்பு, இவ்வூரின் பெயரை நாடு காவல் நிலையத்தோடு சேர்த்தே உச்சரிக்கிறது. அதனால் காவல் நிலையச் சுவர்களுக்குள் நடப்பதைக் கேள்வி கேட்க ஓரளவு கற்றுக்கொண்டோம். இந்தப் பிள்ளைகள் செல்லும் வழியிலும் வகுப்பறையிலும் நடப்பதை எப்போது கேட்கப் போகிறோம்?

2025 மார்ச் 10 அன்று, இதே தூத்துக்குடி மாவட்டத்தின் ஸ்ரீவைகுண்டம் பகுதியில், தேர்வெழுதப் பேருந்தில் சென்றுகொண்டிருந்த பதினொன்றாம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவர் வழிமறிக்கப்பட்டு, வெளியே இழுக்கப்பட்டு, அரிவாளால் வெட்டப்பட்டார். அவருடைய விரல்கள் துண்டாயின. பிடிபட்ட மூவரும் சிறார்கள். கபடிப் போட்டியில் அவர் பெற்ற வெற்றியே இந்தப் பகைக்குக் காரணம் என்று குடும்பத்தினர் கூறினர்.

அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன், 2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். வெட்டியவர்களில் அவரோடு ஒரே பள்ளியில் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களும் இருந்தனர். இந்நிகழ்வின் வரிசையைச் சட்ட மாணவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். முதலில் பள்ளியில் சாதிய சீண்டல். பிறகு அந்த மாணவர் பள்ளிக்குச் செல்வதை நிறுத்திக்கொண்டார். பள்ளி காரணம் கேட்டது. அவர் நடந்ததைச் சொன்னார். அதன் பின்னரே அரிவாள் வந்தது.

ஒரு தலித் பிள்ளைக்குப் பேராபத்து தொடங்குவது அவர் துன்புறுத்தப்படும் நாளில் அன்று; அதை வெளியே சொல்லும் நாளில்தான். நமது சட்டங்களோ முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகே விழித்துக்கொள்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் அந்தப் பிள்ளையின் நிலையைக் காட்டும் அரசு ஆவணம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: பள்ளியின் வருகைப் பதிவேடு. அதில் ‘வரவில்லை’ என்ற குறி இருக்கும். ஏன் வரவில்லை என்பது இருக்காது.

அறிக்கை பதிவான பின் சட்டம் வலுவானது என்பதை மறுப்பதற்கில்லை. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பிறர் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. கல்வி நிலையத்துக்குள் நுழைவதைத் தடுப்பதும் அச்சட்டப்படி குற்றமே. அதன் 10-ஆம் பிரிவு, குற்றமிழைக்கக்கூடியவர்களை ஊரைவிட்டு வெளியேற்ற வழிசெய்கிறது. இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், ‘ஊர்க் கட்டுப்பாடு’ என்று சொல்லித் தலித் குழந்தைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுக்கப்பட்டபோது, ஐந்து பேர் ஆறு மாதங்களுக்கு அவ்வூருக்குள் நுழையக் கூடாது என்று திருநெல்வேலி சிறப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், நலிவுற்ற பிரிவுக் குழந்தைகள் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் காக்கும் கடமையை அரசின் மீது சுமத்துகிறது. ஆனால் அதன் எல்லை 14 வயதோடும் எட்டாம் வகுப்போடும் முடிகிறது. கல்லூரிக்குச் சென்றால், பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலரை நியமிக்கச் சொல்லும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, அந்த இரு பாதுகாப்புகளும் இல்லை. நாங்குநேரி மாணவரும் ஸ்ரீவைகுண்டம் மாணவரும் வெட்டுப்பட்டது அந்த வயதில்தான்.

போக்சோ சட்டத்தோடு ஒப்பிட்டால் இந்த வெற்றிடம் இன்னும் தெளிவாகும். ஒரு குழந்தை பாலியல் குற்றத்துக்கு ஆளானதை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே தீர வேண்டும் என்கிறது அதன் 19-ஆம் பிரிவு. தெரிவிக்காமல் மறைப்பது 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை. இந்தப் பிரிவுகள் வந்த பிறகுதான் ‘பள்ளியின் பெயர் கெட்டுவிடும்’ என்ற சாக்கு சட்டத்தின் முன் செல்லாக்காசானது. சாதியக் கொடுமைக்கு ஆளாகும் பிள்ளைக்காக அத்தகைய கடமை எதுவும் தலைமையாசிரியர் மீது இல்லை. எனவே இரு தரப்பையும் அழைத்துக் கைகுலுக்க வைத்து, ‘பசங்க சண்டை’ என்று முடித்து அனுப்புகிறார்கள். புகார் கொடுத்தவர் யார் என்பது அந்தக் கைகுலுக்கலிலேயே எதிர்த்தரப்புக்குத் தெரிந்துவிடுகிறது.

வெட்டிய கையும் ஒரு சிறுவனின் கைதானே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். அவன் மீதான வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குச் செல்வதே முறை. ஆனால் அவன் மணிக்கட்டில் வண்ணக் கயிற்றைக் கட்டியவர் யார்? சாதிப் பெருமையை ஊட்டியவர் யார்? 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 83(2)-ஆம் பிரிவு, குழந்தைகளைச் சட்டவிரோதச் செயல்களுக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் தண்டனை விதிக்கிறது. பள்ளி மாணவர்கள் தொடர்பான சாதிய வழக்குகளில் புலனாய்வு இந்தப் பிரிவை நோக்கி நகர்வதில்லை, சிறார்களோடு நின்றுவிடுகிறது.

வண்ணக் கயிறுகளுக்கு எதிராக 2019-இல் பள்ளிக் கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு எழுந்ததும், அன்றைய கல்வி அமைச்சர் செங்கோட்டையன் பழைய நிலையே தொடரும் என்று அறிவித்துவிட்டார். ஒரு சுற்றறிக்கையின் ஆயுள் அவ்வளவுதான். நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையை முதலமைச்சரிடம் அளித்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளத்தை நீக்குதல், கயிறு உள்ளிட்ட சாதிக் குறிகளைத் தடைசெய்தல், அகரவரிசையில் மாணவர்களை அமர்த்துதல், 500 பேருக்கு மேல் பயிலும் பள்ளிகளில் நல அலுவலரை நியமித்தல் எனப் பல பரிந்துரைகள் அதில் உண்டு. தனிச் சட்டம் தேவை என்றும் அக்குழு கூறியது. நமது கோரிக்கை அந்தச் சட்டத்தைப் பற்றியதே. சாதியக் கொடுமை பற்றிய புகார் வந்தால் உடனே எழுத்தில் பதிந்து காவல்துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் தெரிவிப்பது பள்ளியின் கட்டாயக் கடமையாக வேண்டும். மறைத்தால் தண்டனை வேண்டும். புகார் சொன்ன பிள்ளைக்கு அன்றே பாதுகாப்பு வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்க இயலாது. ஆகவே களத்தில் இருக்கும் தோழர்களும் மாணவர்களும் செய்யக்கூடியவற்றைச் சொல்லி வைக்கிறோம். ஒரு பிள்ளை காரணமின்றிப் பள்ளிக்குச் செல்ல மறுத்தால், அடிப்பதற்கு முன் காரணத்தைக் கேட்கப் பெற்றோரைப் பழக்குங்கள். புகாரை வாய்மொழியாக விடாதீர்கள்; தேதியிட்டு எழுதி, ஒப்புகை பெறுங்கள்; மறுத்தால் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். ஒரு படியை முதன்மைக் கல்வி அலுவலருக்கும், இன்னொரு படியை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். வன்கொடுமைத் தடுப்புக்கான மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் தலைவர் ஆட்சியரே. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. வன்கொடுமைத் தடுப்புக்கான தேசிய உதவி எண் 14566. ‘முதலில் விசாரிக்கிறோம், பிறகு வழக்குப் பதிகிறோம்’ என்று காவல் நிலையத்தில் சொன்னால், 2018-இல் சேர்க்கப்பட்ட 18அ பிரிவைச் சுட்டிக்காட்டுங்கள். முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்பது சட்டம். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கோரும் உரிமையை 15அ பிரிவு தருகிறது. அதை முதல் நாளிலேயே எழுத்தில் கேளுங்கள்.

இக்கட்டுரையில் எந்த மாணவரின் பெயரையும் நாம் எழுதவில்லை. குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. நீங்களும் சமூக ஊடகங்களில் அதைக் கடைப்பிடியுங்கள். நீதி கேட்கும் ஆர்வத்தில் பிள்ளையின் முகத்தைப் பகிர்வது அவரை மீண்டும் ஆபத்தில் தள்ளும்.

போப்பையர் சாயர்புரத்தில் செமினரி தொடங்கினார். மெய்ஞ்ஞானபுரம், நாசரேத், இடையன்குடி எனச் செம்மண் தேரிக்காட்டைச் சுற்றிலும் அடுத்தடுத்துப் பள்ளிகள் எழுந்தன. தலைமுறைகளாகப் படிப்பு மறுக்கப்பட்டவர்களை இந்த மண்ணில் நிமிரச் செய்தது பள்ளிக்கூடம்தான். நாங்குநேரி மாணவரும் அதைக் கைவிடவில்லை. காயம்பட்ட கையோடு 2024 பொதுத்தேர்வை எதிர்கொண்டு, 600-க்கு 469 மதிப்பெண் பெற்றார். அந்த உறுதியைக் கொண்டாடுவதில் நமக்குத் தயக்கம் இல்லை. ஆனால் பள்ளிக்குச் செல்வதற்கே ஒரு பிள்ளையிடம் இவ்வளவு வீரத்தை எதிர்பார்க்கும் சமூகம் தன் கடமையைச் செய்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ‘ஏன் வரவில்லை?’ என்ற கேள்விக்கு உண்மையைச் சொன்ன பிள்ளை மறுநாள் அச்சமின்றிப் பேருந்தில் ஏற வேண்டும். அந்த நிலையை உருவாக்கும் பொறுப்பு பள்ளிக்கும் அரசுக்கும் உண்டு, நமக்கும் உண்டு.