டர்போ டியூனிங்: முதல் எதிரி நாக்கிங்

1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் ஜெட்ஃபயர் என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 3.5 லிட்டர் அலுமினிய வி8 இன்ஜின், அதன்மேல் ஒரு டர்போ, 215 குதிரைத்திறன். டர்போ பொருத்திப் பொதுமக்களுக்கு விற்கப்பட்ட முதல் கார்களில் அதுவும் ஒன்று. பெட்ரோல் டேங்க் போக, பானெட்டுக்குள் இன்னொரு சின்ன டேங்கும் இருந்தது. தண்ணீரும் மெத்தனாலும் சரிபாதி கலந்த திரவத்தை அதில் நிரப்ப வேண்டும். டர்போ காற்றை அமுக்கும்போது இந்தத் திரவமும் உள்ளே போய்ச் சூட்டைத் தணிக்கும். வாங்கியவர்களில் பலர் அதை நிரப்பவே இல்லை. திரவம் தீர்ந்ததும் கார் தானாகவே அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். வண்டி இழுக்கவில்லை என்று புகார் வரும். கடைசியில் பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தார்கள்.

அந்தப் பொறியாளர்களை அவ்வளவு தூரம் அலைக்கழித்தது நாக்கிங். இன்று மடிக்கணினியோடு டர்போ இன்ஜின் முன்னால் உட்காரும் புதியவருக்கும் அதுதான் முதல் எதிரி.

காற்றை அமுக்கினால் அது சூடாகும். 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்றை 1 பார் கூடுதல் அழுத்தத்துக்கு ஏற்றினால், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸரிலிருந்து அது ஏறக்குறைய 125 டிகிரியில் வெளியே வரும். காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அந்தச் சூட்டில் பெரும்பகுதியைக் குறைத்துத் தரும், முழுவதையும் அல்ல. அந்தக் காற்று சிலிண்டருக்குள் போய் மறுபடி அமுக்கப்படுகிறது. பிளக்கில் பொறி விழுந்து தீ பரவும்போது, ஓரத்தில் இன்னும் எரியாமல் இருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே வெடித்துவிட்டால் அதுதான் நாக்கிங். அந்த அதிர்ச்சி பிஸ்டன்மேல் இறங்கும். ரிங் உட்காரும் விளிம்பு உடையும், பிஸ்டன் தலை அரிபடும். பலத்த நாக்கிங் என்றால் சில விநாடிகளே போதும்.

டியூனிங் பழக வருகிறவர் பவரைத் தேடித்தான் வருவார். ஆனால் அவர் செய்யப்போகும் வேலையில் பெரும்பகுதி, நாக்கிங் தொடங்கும் எல்லை எங்கே இருக்கிறது என்று பொறுமையாகக் கண்டுபிடிப்பதுதான்.

பழகுவதற்கு உலகெங்கும் பலர் தேர்ந்தெடுத்த வண்டி, 1989-இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5. 1.6 லிட்டர், சுமார் 115 குதிரைத்திறன். டர்போ இல்லாமல் வந்த கார்தான். ஆனால் அதே இன்ஜின் குடும்பம் மாஸ்டா 323-இல் டர்போவோடு ஓடியது. அதனால் அடிப்படை உறுதியானது, உதிரி பாகங்கள் எளிதில் கிடைத்தன. பின்னர் இன்னொரு கதவும் திறந்தது. 2001 வாக்கில் புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ என்ற இரு அமெரிக்கர்கள், வீட்டிலேயே சால்டரிங் செய்து உருவாக்கக்கூடிய மெகாஸ்குவர்ட் என்ற இன்ஜின் கன்ட்ரோலரை வடிவமைத்தார்கள். பெரும்பாலும் பந்தயக் குழுக்களின் கையில் இருந்த வேலை, வீட்டு கராஜுக்கு வந்தது. இந்த ஒரு கருவி உருவாக்கிய டியூனர்களின் தலைமுறைக்கு ஈடாக எந்தப் பயிற்சி நிறுவனத்தையும் சொல்ல முடியாது.

கன்ட்ரோலருக்குள் இருப்பது சில அட்டவணைகள். முக்கியமானது, சிலிண்டர் எவ்வளவு நிரம்புகிறது என்று சொல்லும் அட்டவணை: ஒரு பக்கம் இன்ஜின் வேகம், மறுபக்கம் இன்ஜினுக்குள் காற்று நுழையும் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தம். கடல் மட்டத்தில் வெளிக்காற்று சுமார் 100 கிலோபாஸ்கல். டர்போ 1 பார் தந்தால் 200. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள எண்ணோடு காற்றின் சூட்டையும் சேர்த்துக் கணக்கிட்டு, இன்ஜெக்டர் எத்தனை மில்லிவிநாடி திறந்திருக்க வேண்டும் என்று கன்ட்ரோலர் முடிவு செய்கிறது. பொறி எப்போது விழ வேண்டும் என்பதற்குத் தனி அட்டவணை.

இந்த எண்களில் கைவைப்பதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. புதியவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான். டைமிங் லைட்டை எடுத்து, கணினித் திரையில் 10 டிகிரி என்று காட்டும்போது கிராங்க் புல்லியின் குறியும் அதே 10 டிகிரியில் நிற்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். குறி 6 டிகிரி தள்ளி நின்றால், அட்டவணையில் எழுதும் ஒவ்வோர் எண்ணும் 6 டிகிரி பொய். வேக்குவம் டியூப்களில் கசிவு இருக்கிறதா, பெட்ரோல் பிரஷர் சரியாக நிற்கிறதா, மேனிஃபோல்டு சென்சாரால் 100 கிலோபாஸ்கலுக்கு மேற்பட்ட அழுத்தத்தை அளக்க முடிகிறதா? பிளக் இடைவெளி 0.6 அல்லது 0.7 மில்லிமீட்டருக்குக் குறைக்கப்பட்டதா? இந்தச் சோதனைகளுக்கு ஒரு முழு நாளைச் செலவிடுகிறவர் அடுத்த வாரம் இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்காது.

அடுத்து, சைலன்சர் குழாயில் ஒரு வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார். இது எரிந்த கலவையின் விகிதத்தைச் சொல்கிறது. சுத்த பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்தால் அது சுமார் 13.5. நம் பங்க்குகளில் இன்று கிடைப்பது பெரும்பாலும் இந்த இ20 தான். ஆகவே வெளிநாட்டுப் பாடத்தில் உள்ள காற்று விகித எண்ணை அப்படியே பிடித்துக்கொண்டால் குழப்பம். லாம்டா என்ற அளவில் பழகுவது நல்லது: எந்த எரிபொருளானாலும் சரியான கலவை 1.0. ஐடிலிங்கிலும் நிதானமான ஓட்டத்திலும் 1.0-ஐ ஒட்டி வைக்கலாம். டர்போ முழு அழுத்தத்தில் இருக்கும்போது 0.8 வாக்கில், அதாவது பெட்ரோல் கூடுதலாக. மிகுதிப் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும்.

பிறகுதான் அழுத்தம். டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டில் இருக்கும் வலுக்குறைந்த ஸ்பிரிங், உதாரணமாக 0.4 பார், அதிலேயே தொடங்க வேண்டும். பொறியைத் தேவையைவிடத் தாமதமாக வைத்துக்கொண்டு முதலில் பெட்ரோல் அட்டவணையைச் சரிசெய்வது. அதன்பின் ஒரு டிகிரி, ஒரு டிகிரியாகப் பொறியை முன்னே கொண்டுவருவது. அழுத்தம் 1 பிஎஸ்ஐ கூடினால் பொறியைச் சுமார் 1 டிகிரி பின்தள்ளு என்பது பழைய வாய்ப்பாடு, தொடக்கத்துக்கு உதவும். இதைச் செய்ய வேண்டிய இடம், வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் டைனோ. சாலையில் ஒரு கண் திரையிலும் ஒரு கண் வண்டிகளிலுமாக முழு ஆக்ஸிலரேட்டர் கொடுப்பது அடுத்தவர் உயிரோடு விளையாடுவது. தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதற்கு இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடும் விதிக்கிறது.

டைனோவில் காது வேலை செய்ய வேண்டும். நாக்கிங்கின் சுருதி சிலிண்டரின் அகலத்தைப் பொறுத்தது. எம்எக்ஸ்-5 இன்ஜினின் 78 மில்லிமீட்டர் சிலிண்டருக்கு அது சுமார் 7.3 கிலோஹெர்ட்ஸ். முனை தட்டையாக்கிய செப்புக் குழாயை இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கி, ரப்பர் குழாய் வழியாகக் காதடைப்பானுக்குக் கொண்டுவந்து கேட்டவர்கள் உண்டு. இரைச்சலுக்கு நடுவே தகரக் கூரையில் கூழாங்கல் விழுவதுபோல் ஒரு தெறிப்பு கேட்கும். கேட்ட மாத்திரத்தில் காலை எடுத்துவிட வேண்டும். இன்று மின்னணு மைக்கும் ஹெட்போனும் வந்துவிட்டன. கேட்கும் பயிற்சி மட்டும் மாறவில்லை.

இதையே ஒரு கருவிக்குச் சொல்லிக்கொடுத்தது ஸ்வீடனின் சாப் கார் நிறுவனம். பெர் கில்பிராண்ட் என்ற பொறியாளரின் தலைமையில் 1980-களின் தொடக்கத்தில் உருவான ஏபிசி அமைப்பு, பிளாக்கில் திருகிய சென்சார் மூலம் நாக்கிங்கைக் கேட்டு, அந்தக் கணமே டர்போ அழுத்தத்தை இறக்கியது. மட்டமான பெட்ரோல் போட்டால் பவர் சற்றுக் குறையும், இன்ஜின் பிழைக்கும். ஜெட்ஃபயரின் இரண்டாவது டேங்க் செய்ய முயன்ற வேலையை, யாரும் எதையும் நிரப்பாமலே அது செய்தது. 1988 ஃபார்முலா ஒன்னில் 16 பந்தயங்களில் 15-ஐ மெக்லாரனுக்கு வென்று தந்த ஹோண்டா 1.5 லிட்டர் டர்போவுக்கும் இதே கவலைதான். அதன் எரிபொருளில் 84 சதவீதம் டொலுயீன், நாக்கிங்கைத் தடுப்பதற்காகவே சேர்த்தது.

ஓட்டம் முடிந்ததும் பதிவான லாகைத் திறந்து பார்க்க வேண்டும். முழு அழுத்தத்தில் லாம்டா எங்கே 0.8-ஐத் தாண்டி ஏறியது, இன்ஜெக்டர் 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருந்ததா, அழுத்தம் எங்கே எகிறியது? பிளக்குகளைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானில் கறுப்புப் புள்ளிகளோ அலுமினியத் துகள்களோ தெரிகின்றனவா என்று பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். தெரிந்தால் பொறியைப் பின்தள்ளி, காரணம் தெரியும்வரை அன்றைய வேலையை நிறுத்துவதே முறை. தெரியாவிட்டால் ஒரே ஒரு மாற்றம், மறுபடி ஓட்டம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று பிரிக்க முடியாது.

குளிர்ந்த மார்கழிக் காலையில் டைனோவில் சுத்தமாக ஓடிய அட்டவணைகளை அக்னி நட்சத்திர மதியத்தில் திரும்பவும் சோதிக்க வேண்டும். உள்ளே வரும் காற்றின் சூடு 20 டிகிரி கூடினால், அதற்கேற்பப் பொறியைப் பின்தள்ளும் தனி அட்டவணை ஒன்று இருக்கிறது. பலரின் கோப்புகளில் அது இன்னும் பூஜ்ஜியங்களாகவே கிடக்கிறது.