எழுபதில் உதறும் வண்டி

(மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் பிரிவு மாணவர்)

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டபோது முதலில் கவிதை எழுதலாமா என்றுதான் நினைத்தேன். நம் டிபார்ட்மெண்டில் கவிஞர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே எனக்குப் பட்டுத் தெரிந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். நான் தப்பாக யோசனை சொல்லி, என் தாய்மாமாவை இரண்டு டயர் வாங்க வைத்த கதை இது.

மாமாவிடம் ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மாத்தூர், வல்லம், ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள் கோவில் போகும் ரோட்டில்தான் அவர் பிழைப்பு. இந்த ரோட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவர ஆரம்பித்தன. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012இல் டைம்லரின் லாரி ஆலை. பெரிய கம்பெனி ஒன்று வந்தால் அதற்குப் பாகம் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனிகள் சுற்றிலும் முளைக்கும். அந்தப் பாகங்களை டிரேயில் அடுக்கி நேரத்துக்குக் கொண்டுபோய் இறக்குவது மாமா மாதிரி ஆட்கள். போகும்போது லோடு, திரும்பும்போது காலி டிரே. இந்த ஒரு வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போன வருஷம் ஒரு நாள் மாமா போன் செய்தார். “மாப்ளே, வண்டி அறுபத்தஞ்சு தாண்டினா உதறுதுடா. சீட்டெல்லாம் குறுகுறுங்குது. நீதான் ஆட்டோமொபைல் படிக்கிறியே, என்னன்னு பாரு.” நான் பார்க்கவே இல்லை! போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டேன். “வீல் பேலன்சிங் பாருங்க மாமா. பின்னாடி டயர் தேஞ்சிருந்தா மாத்திடுங்க.” அவரும் நம்பி பேலன்சிங் பார்த்தார். உதறல் போகவில்லை. பின்டயர் இரண்டையும் மாற்றினார். அப்போதும் போகவில்லை. அடுத்து யாரோ வீல் பேரிங் என்றார்கள், அதையும் மாற்றினார். இதற்குள் வண்டி மூன்று நாள் நின்றுவிட்டது. வண்டி நின்றால் அந்த டிரிப் வேறு ஒருவருக்குப் போய்விடும், திரும்பி வருமா என்பது நிச்சயமில்லை. மாதத் தவணை மட்டும் நிற்காது.

அப்போது நான் இன்பிளாண்ட் டிரெய்னிங் போய்க்கொண்டிருந்த ஒர்க்ஷாப்பில் ஒரு மூத்த மெக்கானிக் அண்ணன் இருந்தார். அவரிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “விநாடிக்கு எத்தனை தடவை உதறுது?” எனக்கு ஒன்றும் புரியவில்லை. உதறலை யார் எண்ணுவார்கள்? எண்ணவே முடியாதே என்றேன். “உதறலை எண்ண முடியாட்டி சுத்துறதை எண்ணு” என்றார்.

கணக்கு இதுதான். மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் விநாடிக்குச் சரியாக 20 மீட்டர். மாமா வண்டியின் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் போகிறது (தரையில் சாக்பீஸ் கோடு போட்டு வண்டியைத் தள்ளி நீங்களே அளந்து பார்க்கலாம்). ஆக, சக்கரம் விநாடிக்குச் சுமார் 9 சுற்று. பின் ஆக்சிலில் கிரௌன்-பினியன் விகிதம் ஏறக்குறைய 4. எனவே புரொப்பல்லர் ஷாஃப்ட் விநாடிக்கு 36 சுற்று, நிமிஷக் கணக்கில் 2,160. ஷாஃப்டில் இருக்கும் கிராஸ், அதாவது யுனிவர்சல் ஜாயிண்ட், ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை ஆட்டம் கொடுக்கும். அது விநாடிக்கு 72.

ஒரே வேகத்தில் மூன்று எண்கள்: 9, 36, 72. சக்கரமோ டயரோ குற்றவாளி என்றால் உதறல் 9இல் இருக்கும். அது கைக்குத் தனித்தனி அடியாகத் தெரிகிற ஆட்டம். ஸ்டீயரிங் வாபுளிங், சீட் குலுக்கல் எல்லாம் இந்த வகை. ஷாஃப்ட் பேலன்ஸ் போயிருந்தால் 36: அடிகள் பிரிந்து தெரியாது, பிளாட்பாரத் தகடு அதிரும், ரியர்வியூ கண்ணாடியில் பிம்பம் கலங்கும். 72 என்றால் காதில் ரீங்காரமாக, காலடியில் எறும்பு ஊர்வது போல இருக்கும். மாமா முதல் நாளே “குறுகுறுங்குது” என்று சொல்லியிருந்தார். குலுங்குது என்று சொல்லவில்லை. நான்தான் கேட்காதவன் மாதிரி டயருக்குப் போனேன்.

இப்போது எல்லார் கையிலும் இருக்கிற போனில் அதிர்வை அளக்கும் ஆப் கிடைக்கிறது. போனைச் சீட் அடியிலுள்ள தண்டவாளத்தில் இறுக்கமாக ஒட்டி, பக்கத்தில் உட்காருபவர் பார்க்க வேண்டும் (ஓட்டுபவர் பார்க்கவே கூடாது). ஆனால் இதில் ஒரு குழி இருக்கிறது. ஆப் விநாடிக்கு 100 தடவை மட்டுமே அளவெடுத்தால், 50க்கு மேற்பட்ட அதிர்வை அதனால் உள்ளபடி காட்ட முடியாது. 72ஐ 28 என்று காட்டிவிடும். முதல் தடவை எனக்கு 28 என்றுதான் வந்தது. வண்டியில் 28 சுற்றும் பொருளே கிடையாதே என்று தலையைச் சொறிந்தேன். 200 தடவை அளக்கும்படி மாற்றிய பிறகுதான் 72 வந்தது. மெஷர்மெண்ட்ஸ் பேப்பரில் அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த இடத்தைக் கவனிக்க!

72 வந்துவிட்டது, உடனே கிராஸைக் கழற்றலாமா? கூடாது என்றார் அண்ணன். நாலாவது கியர் நேரடி கியர்; எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகம். நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை ஃபயர் ஆகும், அதுவும் 72 தான். மவுண்டிங் ரப்பர் செத்திருந்தால் அந்த அதிர்வும் அப்படியே உள்ளே வரும். இரண்டையும் பிரிக்க வழி கியரை மாற்றுவது. அதே 72 கிலோமீட்டரில் ஐந்தாவது கியர் போட்டால் எஞ்சின் வேகம் குறையும், ஷாஃப்ட் வேகம் மாறாது. ஞாயிற்றுக்கிழமை காலை, ரோடு காலியாக இருந்த நேரத்தில் மாமா ஓட்ட, நான் போனோடு உட்கார்ந்தேன். ஐந்தாவதிலும் 72 அசையவில்லை. கிளட்சை அமுக்கி எஞ்சினை ஐடிலில் விட்டபோதும் கொஞ்சம் குறைந்ததே தவிரப் போகவில்லை. எஞ்சின் நிரபராதி. (இந்தச் சோதனையில் சாவியை மட்டும் ஆஃப் செய்துவிடாதீர்கள். பிரேக் பூஸ்டர் செத்துவிடும், சாவியை உருவினால் ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளும்.)

அண்ணன் அடுத்துக் கேட்டது: லோடில் அதிகமா, காலியில் அதிகமா? மாமா யோசிக்காமல் சொன்னார். “திரும்பி வரும்போதுதான் அதிகம்.” எனக்குச் சுருக்கென்றது. டயரில் பேலன்ஸ் போனால் அது போகும்போதும் வரும்போதும் ஆடும். காலியில் மட்டும் எகிறுகிறது என்றால், வண்டியின் பின்புறம் உயர்ந்து தாழும்போது மாறுகிற ஏதோ ஒன்று. அது ஷாஃப்டின் கோணம்.

தியரி ஆஃப் மெஷின்ஸில் ஹூக் ஜாயிண்ட் படித்திருக்கிறோம். பதினாறு மார்க் கேள்வி என்பதற்கு மேல் நான் அதை மதித்ததில்லை. ஒரு ஷாஃப்ட் சீராகச் சுற்றினாலும், கோணத்தில் இணைந்த அடுத்த ஷாஃப்ட் சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை முந்தி, இரண்டு தடவை பிந்தும். கோணம் 10 டிகிரி என்றால் வித்தியாசம் ஒன்றரை சதவிகிதம். அதாவது 2,160 சுற்றில் உள்ளே நுழைகிற வேகம் 2,127க்கும் 2,193க்கும் நடுவே விநாடிக்கு 72 தடவை அலைபாய்ந்துகொண்டு வெளியே வரும். கோணம் 5 டிகிரியானால் இந்த ஆட்டம் பாதியாகாது, கால் பங்காகவே குறைந்துவிடும். லோடு ஏறி பட்டைகள் தாழ்ந்து கோணம் குறையும்போது உதறல் ஏன் அமுங்கியது என்பதற்கு இதுதான் விடை.

அப்படியானால் எல்லா வண்டியும் உதற வேண்டுமே? உதறாது, ஏனென்றால் ஷாஃப்டின் மறு முனையில் இன்னொரு கிராஸ் இருக்கிறது. முதல் கிராஸ் கொடுத்த ஆட்டத்தை இரண்டாவது கிராஸ் எதிர்ப்பக்கம் ஆடிச் சமன் செய்கிறது. அதற்கு இரண்டு நிபந்தனை: இரு முனைக் கோணமும் சமமாக இருக்க வேண்டும், ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் போச்சு.

வண்டியை மேடையில் ஏற்றினோம். இங்கே ஒரு வார்த்தை: ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டைச் சேஸிக்குக் கொடுக்காமல் ஆக்சில் ஹவுசிங்குக்கே கொடுங்கள். சேஸியில் தூக்கினால் ஹவுசிங் தொங்கிப்போய், அளக்க வந்த கோணமே பொய்யாகிவிடும். ஷாஃப்ட் சுற்றும்போது சாக்பீஸ் காட்டி வளைவு பார்க்கும் வித்தையும் வேண்டாம். கையால் மெதுவாகச் சுற்றி டயல் கேஜ் வைத்தாலே தெரியும்.

வளைவு இல்லை. பேலன்ஸ் எடைத் தகடு வெல்டோடு பத்திரமாக இருந்தது. (அது விழுந்திருந்தாலும் லேசுப்பட்ட விஷயமில்லை. மையத்திலிருந்து 4 சென்டிமீட்டரில் வெறும் 20 கிராம் கூடினால், 2,160 சுற்றில் அது நாலு கிலோ கனத்துக்கு மேல் இழுக்கும்.) கிராஸில் லூஸ் இல்லை. சென்டர் பேரிங் ரப்பர் மட்டும் லேசாக வெடித்திருந்தது. அண்ணன் டீசலில் நனைத்த துணியால் ஸ்லிப் ஜாயிண்டின் மேலிருந்த கிரீஸையும் சேற்றையும் துடைத்தார். அடியில் இரண்டு அம்புக்குறிகள் தெரிந்தன, ஒன்று குழாயில், ஒன்று ஸ்லீவில். இரண்டும் நேருக்கு நேர் பார்த்து நிற்க வேண்டியவை. ஒரு பல் தள்ளி நின்றன. 16 பல் உள்ள ஸ்ப்ளைனில் ஒரு பல் என்றால் 22.5 டிகிரி. முன் கவையும் பின் கவையும் அத்தனை முறுகி நின்றால் ஒன்றின் ஆட்டத்தை இன்னொன்று எப்படிச் சமன் செய்யும்?

“கடைசியா ஷாஃப்டை எப்போ இறக்கினீங்க?” என்று கேட்டார் அண்ணன். மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “கிளட்ச் பிளேட் மாத்தினப்போ” என்றார். உதறல் எப்போது ஆரம்பித்தது? அந்த வாரம்தான். எங்கே மாற்றினார் என்பது இங்கே வேண்டாம். அவசரத்தில் சேறு மூடிய அம்பைப் பார்க்காமல் பூட்டுவது யாருக்கும் நடக்கும். அடையாளம் தெரியாவிட்டால், கழற்றும் முன் சென்டர் பஞ்சால் இரண்டு பக்கமும் ஒரு புள்ளி தட்டிவிட்டால் போதும், அரை நிமிஷ வேலை. ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. “எப்போ ஆரம்பிச்சது மாமா?” என்று முதல் நாள் போனில் நான் கேட்டிருந்தால் இரண்டு டயரும் ஒரு செட் பேரிங்கும் மிச்சம்.

அம்புகளை நேராக்கிப் பூட்டி, சென்டர் பேரிங்கையும் மாற்றி, அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டினோம். லோடில் சுத்தமாக நின்றுவிட்டது. காலியில் போனில் 72 இன்னும் எட்டிப் பார்த்தது, முன்பு இருந்ததில் கொஞ்சம்தான், ஆனால் இருந்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே பின் பட்டையைக் காட்டினார். அதிக லோடு தாங்க மாமா இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டிருக்கிறார்! பின்புறம் தூக்கிக்கொண்டதில் இரு முனைக் கோணமும் சமமாக இல்லை. காலி வண்டியில் அளந்தபோது மூன்று டிகிரி வித்தியாசம். ஒன்று பட்டையை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துப் பினியனைச் சரியான கோணத்துக்குத் திருப்ப வேண்டும்.

பட்டையை எடுங்கள் என்றுதான் நான் சொன்னேன். “எடுத்துட்டு, அந்த லோடை உன் தலையிலயா ஏத்துறது?” என்றார் மாமா. அந்த லோடே ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடைக்கு மேல்தான் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். டிரிப்புக்குக் கொடுக்கிற வாடகையில் அளவாக ஏற்றினால் டீசலுக்கும் தவணைக்கும்தான் சரியாக வரும் என்பதும் தெரியும். இதற்கு ஹூக் ஜாயிண்டில் ஃபார்முலா இல்லை. கடைசியில் ஒரு பட்டையை எடுக்கச் சம்மதித்தார், இன்னொன்றுக்கு ஆப்பு வைத்தோம். கிராஸுக்கு ஒழுங்காகக் கிரீஸ் அடிக்கச் சொல்லியிருக்கிறேன், அடிக்கிறார்.

நம் பக்கத்திலேயே, ஒரகடத்தில், மத்திய அரசின் நாட்ரிப் திட்டத்தில் அமைந்த குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் இருக்கிறது. புது மாடல் வண்டிகளைச் சோதிக்கும் பெரிய லேப்கள் அங்கே உண்டு. நமக்கு அந்தக் கருவிகள் கிடைக்காது. சாக்பீஸ், டேப், போன், டயல் கேஜ், இவ்வளவுதான் நாங்கள் பயன்படுத்தியது.

கழற்றிய இரண்டு பழைய டயர்களிலும் பட்டன் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. ஒன்றை மாமா ஸ்டெப்னியாக மாட்டிக்கொண்டார். மற்றதை வீட்டு வாசலில், நான் உள்ளே போகும்போது கண்ணில் படுகிற இடமாகப் பார்த்துச் சாத்தி வைத்திருக்கிறார்.