புது விலாசம் பதியாத மூளை

தாராவியின் சந்துகளில் விடியுமுன்பே இட்லிக் கொப்பரைகள் ஆவி விடத் தொடங்கிவிடும். வெந்த இட்லிகளை ஏற்றிக்கொண்டு சைக்கிள்கள் நகரத்தின் மூலை முடுக்குகளுக்குப் புறப்படும். நாற்பது ஆண்டுகள் இதே வேலை பார்த்த ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மாவின் பதம் அவர் கைக்குத் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்த கிராமத்தில் யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு என்று வரிசையாகச் சொல்வார். ஆனால் காலையில் குடித்த காபி மட்டும் நினைவில் இல்லை. "எனக்கு யாரும் காபி தரல" என்கிறார். மருமகளுக்கு அது நடிப்பாகத் தோன்றுகிறது.

பழி சுமத்துமுன் ஹிப்போகாம்பஸை விசாரிப்பது நல்லது. காதுகளின் மட்டத்தில், மூளைக்குள் பக்கத்துக்கு ஒன்றாக வளைந்து கிடக்கும் சிறு பகுதி இது. பார்ப்பதற்குக் கடல்குதிரை போல் இருப்பதால் வந்த பெயர்.

இதன் வேலையை உலகத்துக்குக் காட்டியவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். வலிப்பு நோயைக் குணப்படுத்த 1953-இல் அவரது இரு ஹிப்போகாம்பஸ்களின் பெரும்பகுதியை டாக்டர் வில்லியம் ஸ்கோவில் அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பிறகு நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. அவரது குடும்பம் அதே தெருவில் சற்றுத் தள்ளி வேறு வீட்டுக்குக் குடிபோனது. பத்து மாதம் ஆகியும் புது விலாசம் அவருக்குப் பதியவில்லை. பழைய விலாசம் பிசகாமல் நினைவிருந்தது. அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பிரெண்டா மில்னர் இன்னொன்றையும் கண்டார். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் மொலைசனின் கை நாளுக்கு நாள் தேறியது. பயிற்சி செய்ததே அவருக்கு நினைவில்லை! கைப்பழக்கம் மூளையில் வேறு இடத்தில் குடியிருக்கிறது. பாட்டியின் மாவுப் பதம் தப்பியது அதனால்தான்.

ஹிப்போகாம்பஸைக் கிடங்கு என்பதைவிடப் பத்திரப் பதிவு அலுவலகம் என்பதே பொருந்தும். நிலம் ஊரில் இருக்கும், எது எங்கே என்ற விவரம் அலுவலகத்தில் இருக்கும். ஒரு நிகழ்ச்சியின் காட்சி, ஒலி, வாசனை எல்லாம் மூளையின் மேலுறையில் வெவ்வேறு இடங்களில் பதிகின்றன. அவற்றை ஒன்றாகக் கட்டுவது ஹிப்போகாம்பஸ். சேர்ந்து இயங்கும் நரம்பு செல்களின் இணைப்பு வலுப்பெறுவதை 1973-இல் பிளிஸ், லோமோ இருவரும் முயல்களிடம் காட்டினர். மாட்டுங்கா மார்க்கெட்டில் மல்லிகை வாசனை மூக்கில் பட்டதும் ஒரு பழைய கல்யாணமே முழுதாக எழுந்து வருகிறதல்லவா? ஒரு துண்டைக் கொடுத்தால் மீதியைக் கூட்டித் தருவதும் இதே உறுப்பின் வேலைதான். தூக்கத்தில் அன்றைய அனுபவங்கள் திரும்ப ஓட்டப்பட்டு, நாளடைவில் மேலுறையில் ஊன்றிவிடுகின்றன. பழைய நினைவுகளுக்கு ஹிப்போகாம்பஸின் தயவு எவ்வளவு தேவை என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் சண்டை ஓயவில்லை.

வழி காட்டுவதும் இதுவே. குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்களை எலியின் ஹிப்போகாம்பஸில் 1971-இல் கண்டறிந்த ஜான் ஓ'கீஃப், 2014-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நீடித்த மன அழுத்தம் இப்பகுதி செல்களின் கிளைகளைச் சுருக்குவதை பெங்களூரின் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு எலிகளிடம் கண்டு 2002-இல் வெளியிட்டது. மும்பை கொலாபாவில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விதிதா வைத்யாவும் இந்த உறுப்பைத்தான் ஆராய்கிறார்.

அல்சைமர் நோய் முதலில் கைவைக்கும் பகுதிகளில் ஹிப்போகாம்பஸும் அதன் அண்டைப் பகுதியும் அடங்கும். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 சதவிகிதம், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

இத்தகையவர்களுக்கு வீடு மாறுவது சாதாரண விஷயம் அல்ல. மகன் செம்பூரில் ஃபிளாட் வாங்கி அழைத்துப் போகிறார். முருகன் கோயிலுக்கு என்று கிளம்பிய அம்மா திரும்பும் வழி தெரியாமல் நிற்கிறார். தாராவியில் மறுசீரமைப்புக்காக 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. யாருக்கு எத்தனை சதுர அடி என்று பேசுகிறார்கள். சந்துகளை மட்டுமே வரைபடமாக வைத்திருக்கும் முதியவர்களைப் பற்றிப் பேச்சைக் காணோம்.

குடும்பங்கள் செய்யக்கூடியது உண்டு. பி12 சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தரும். இவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. எனவே முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். புது வீட்டிலும் பழைய கட்டிலைப் பழைய வாக்கிலேயே போடலாம். பாத்ரூம் கதவில் பெரிதாகப் படம் ஒட்டலாம். சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ விலாசமும் போன் நம்பரும் எழுதிய சீட்டு இருக்கட்டும். காபி தரவில்லை என்று சொன்னால் வாதாடாமல் இன்னொரு அரை டம்ளர் கொடுத்துவிடலாம்.