112ஐ எட்டப் போவது யார்?

ஆறாம் படிவ மாணவர்களுக்கு வார இறுதியில் பொதுப்பாடம் சொல்லித் தருகிறேன். அரசியலமைப்புப் பகுதி வந்தாலே ஒரு கேள்வி தவறாமல் எழும். "சார், அடுத்த பொதுத்தேர்தல்ல எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை கிடைக்கும்?" ஆருடம் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால், கேள்வியையே கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. இன்றைய நிலையில் மலேசியாவில் எந்த ஒரு கட்சியும் தனித்துப் பெரும்பான்மை பெறும் வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம்.

மக்களவையில் 222 இடங்கள். பாதிக்கு மேல் ஒன்று, அதாவது 112 வேண்டும். 2022 நவம்பரில் நடந்த 15ஆவது பொதுத்தேர்தலில் அதிக இடங்களை வென்ற தனிக்கட்சி பாஸ். அதற்குக் கிடைத்தது 43. அடுத்து ஜசெக, 40. ஒரு காலத்தில் நாட்டையே கையில் வைத்திருந்த அம்னோவுக்கு 26தான். கூட்டணியாகக் கூட்டிப் பார்த்தாலும் பக்காத்தான் ஹராப்பான் மூடாவையும் சேர்த்து 82, பெரிக்காத்தான் நேஷனல் 74, தேசிய முன்னணி 30. யாரும் 112ஐ நெருங்கவில்லை. நாட்டின் வரலாற்றில் அதுவே முதல் தொங்கு நாடாளுமன்றம். ஐந்து நாள் இழுபறிக்குப் பிறகு நவம்பர் 24ஆம் தேதி டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் பிரதமராகப் பதவியேற்றார்.

அந்த ஐந்து நாளில் எல்லோர் கண்ணும் சரவாக் பக்கம் திரும்பியது. ஜிபிஎஸ் கூட்டணியின் கையில் 23 இடங்கள். நாடு முழுக்கப் பதிவான வாக்குகளில் அதன் பங்கு ஏறக்குறைய 4 விழுக்காடுதான். தேசிய முன்னணியோ 22 விழுக்காடு வாக்கு வாங்கி 30 இடங்களோடு நின்றது. வாக்கு வேறு, இடம் வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. 2013இல் பக்காத்தான் ராக்யாட் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகளை வாங்கியும் 89 இடங்களோடு எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தது. 47 விழுக்காடு வாங்கிய தேசிய முன்னணி 133 இடங்களோடு ஆட்சி அமைத்தது.

இதற்குக் காரணம், ஒவ்வொரு தொகுதியிலும் முதலில் வருபவரே வெற்றியாளர் என்ற முறை. தொகுதிகளின் அளவு இன்னொரு காரணம். 2022இல் சிலாங்கூரின் பாங்கி தொகுதியில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். சரவாக்கின் இகானில் 30 ஆயிரம்கூட இல்லை. இரண்டுக்கும் ஒரே ஓர் உறுப்பினர். இதைச் சொன்னபோது காஜாங் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "அப்போ என் ஓட்டுக்குப் பத்துல ஒரு பங்குதான் மதிப்பா சார்?" என்று கேட்டாள். நியாயமான கோபம். நம் அரசியலமைப்பு 1957இல் எழுதப்பட்டபோது தொகுதிகளுக்கிடையே 15 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றத்தாழ்வு கூடாது என்றுதான் இருந்தது. 1962இல் அது தளர்ந்தது, 1973இல் உச்சவரம்பே எடுக்கப்பட்டது. பரந்து கிடக்கும் உட்புறப் பகுதிக்குச் சலுகை தேவை என்பதை நானும் ஏற்கிறேன். பத்து மடங்கு என்பது சலுகை அல்ல.

சரி, 112 கிடைத்துவிட்டால் ஐந்தாண்டுக்கு நிம்மதியா? 2018இல் பக்காத்தான் 113 இடங்களை வென்றது, வாரிசான் 8 இடங்களோடு துணை நின்றது. 22 மாதங்களில் பெர்சத்துவின் விலகலாலும் பிகேஆர் உறுப்பினர்கள் சிலரின் தாவலாலும் அந்த ஆட்சி கவிழ்ந்தது. கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டம் அதற்குப் பிறகே, 2022 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. அதிலும் ஓட்டை உண்டு. கட்சியை விட்டு விலகாமலேயே ஆறு பெர்சத்து உறுப்பினர்கள் பிரதமரை ஆதரித்தார்கள். அவர்களின் இடங்கள் காலியாகவில்லை என்று 2024 ஜூலையில் சபாநாயகர் முடிவு செய்தார். ஒரு கூட்டணி மொத்தமாக அணி மாறினாலும் இந்தச் சட்டம் தொடாது. ஆகவே தேர்தல் இரவில் எண்ணும் கணக்கு பாதிதான். மீதி, மாமன்னர் முன்னிலையில் யாருக்குப் பெரும்பான்மை ஆதரவு இருக்கிறது என்று காட்டும் கணக்கு.

நம் சமூகத்தைப் பொறுத்தவரை, இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. மும்முனைப் போட்டி வந்தால் அதே சிறிய பங்கு வெற்றி தோல்வியை மாற்றிவிடும். மூன்று அணிகள் தனித்தனியே மோதுமா, 2022க்குப் பிறகு கைகோத்தவர்கள் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொள்வார்களா என்பதே 112ஐ எட்டும் வாய்ப்பைத் தீர்மானிக்கும் என்பது என் கணிப்பு.

வாக்களிக்கும் வயது 18 ஆனதும், பதிவு தானாக நடக்கத் தொடங்கியதும் சேர்ந்து, 2018இல் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கையை 2 கோடியே 11 லட்சமாக்கின. என் வகுப்பில் பாதிப் பேர் இப்போது பட்டியலில் இருக்கிறார்கள். எந்தத் தொகுதியில் என்றுதான் பலருக்குத் தெரியவில்லை. அடையாள அட்டையில் உள்ள முகவரியை வைத்தே பதிவு நடக்கிறது. பினாங்கில் படிக்கும் ஜொகூர் பிள்ளை ஊருக்குப் போய்த்தான் வாக்களிக்க வேண்டும். பேருந்து டிக்கெட் பற்றி இப்போதே பேசிக்கொள்கிறார்கள்.