அம்பின் எடை குறைந்தால் அடி வாங்குவது வில்: காம்பவுண்ட் வில்லாளர்களும் பெற்றோரும் அறிய வேண்டியவை

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் வில்வித்தை முதன்முறையாக இடம்பெறுகிறது, கலப்பு இரட்டையர் அணிப் பிரிவில். 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் காம்பவுண்டின் ஐந்து தங்கங்களையும் இந்தியாவே வென்றது. அந்த அணியின் ஜோதி சுரேகாவையும் ஓஜஸ் தேவ்தலேவையும் பார்த்து வில்லெடுக்கும் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் பெருந்தொகை செலவழிக்கிறார்கள். வாங்கும்போது விலையையும் பிராண்டையும் வேகத்தையும் விசாரிக்கிறார்கள். அம்பின் எடை எத்தனை கிரெயின் என்று கேட்பவர்கள் குறைவு.

சைட் தளர்கிறது, டி-லூப் பிய்கிறது, ரெஸ்ட் உடைகிறது என்று கடைக்கு அலைபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அம்பின் எடையைத்தான். உறுதிக்காலத்தில் வில் உடைந்து இழப்பீடு கேட்கும்போதும் எதிர்த்தரப்பு முதலில் கேட்கப்போவது அதையேதான். உடலின் பாதுகாப்பும் சட்டப் பாதுகாப்பும் ஒரே எண்ணில் தொடங்குகின்றன.

மிஞ்சும் ஆற்றல் எங்கே போகிறது?

நாணை இழுக்கும்போது உங்கள் உழைப்பு லிம்புகளில் (வில்லின் வளையும் கைகளில்) ஆற்றலாகச் சேர்கிறது. விட்டதும் அதன் பெரும்பகுதி அம்போடு போகிறது. மீதி வில்லிலேயே தங்கி, நாண், கேபிள், கேம் (நாண் சுற்றும் சக்கரம்), லிம்ப், ரைசர் (நடுவிலுள்ள பிடிப்பகுதி), அதில் திருகிய துணைக்கருவிகள் எல்லாவற்றையும் அதிரவைக்கிறது. அம்பு கனமாக இருந்தால் மெதுவாகப் போகும், ஆனால் ஆற்றலில் அதிகப் பங்கை எடுத்துப்போகும். இலேசாக இருந்தால் வேகமாகப் போகும், மீதியை வில் தாங்க வேண்டும். ஓங்கி வீசிய மட்டையில் பந்து படாமல் போனால் தோள்பட்டை வாங்கும் அடி எப்படியோ, அப்படித்தான்.

ஓர் உதாரணக் கணக்கு. வில்லின் அசையும் பாகங்கள் 80 கிரெயின் எடைக்குச் சமமான ஆற்றலை வாங்கிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 300 கிரெயின் அம்பு எய்தால் வில்லில் தங்குவது சுமார் 21 விழுக்காடு. 400 கிரெயின் அம்பு எய்தால் 17 விழுக்காட்டுக்கும் கீழே. ஒரு தடவைக்கு இது சிறிய வித்தியாசம். ஆனால் போட்டியின் தகுதிச்சுற்றில் மட்டுமே 72 அம்புகள். நாளுக்கு நூறு அம்பு வீதம் மாதத்தில் 25 நாள் பயிற்சி எடுக்கும் பிள்ளையின் வில் 2,500 தடவை அந்த அதிர்வை வாங்குகிறது.

மறக்கக்கூடாத எண்: பவுண்டுக்கு 5 கிரெயின்

இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் அம்பின் எடை குறைந்தது 5 கிரெயின் இருக்க வேண்டும் என்பது வில் தொழிலில் பரவலாக ஏற்கப்பட்ட அடித்தளம். எடை என்பது முனை, தண்டு, இறகு, நாக் (நாணில் மாட்டும் பிளவு) எல்லாம் சேர்ந்த முழு அம்பின் எடை. 40 பவுண்டு வில்லுக்கு 200 கிரெயின், 50 பவுண்டுக்கு 250, உலக வில்வித்தைக் கூட்டமைப்பு அனுமதிக்கும் உச்சமான 60 பவுண்டுக்கு 300. உங்கள் வில்லின் கையேடு இதைவிட அதிகமாகக் கேட்டால் கையேடே இறுதி.

கிரெயின் தராசு இல்லையென்றால் நகைக்கடைத் தராசு போதும். கிராம் அளவை 15.43ஆல் பெருக்கினால் கிரெயின் கிடைக்கும். 300 கிரெயின் என்பது ஏறத்தாழ 19.4 கிராம்.

விளம்பரத்தில் வரும் வேகத்தையும் இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். ஐ.பி.ஓ. (சர்வதேச வில்வேட்டை அமைப்பு) வேகம் என்று போடப்படும் எண், 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுநீளம், 350 கிரெயின் அம்பு என்ற கணக்கில் அளக்கப்படுவது. அதாவது சரியாகப் பவுண்டுக்கு 5 கிரெயின், அனுமதியின் கடைசிப் படி. அந்த வேகத்தை எட்டுவதற்காக அம்பை இலேசாக்கிக்கொண்டே போகிறவர் விளிம்பில் நிற்கிறார்.

வளரும் பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னொரு வழியில் வருகிறது. 40 பவுண்டில் தொடங்கும்போது 230 கிரெயின் அம்பு வாங்கிக் கொடுக்கிறோம். பவுண்டுக்கு 5.75, சரிதான். ஆறு மாதத்தில் பிள்ளைக்கு வலு கூடுகிறது, லிம்ப் போல்ட்டை முறுக்கி 50 பவுண்டுக்கு ஏற்றுகிறோம். அம்பு அதேதான். இப்போது பவுண்டுக்கு 4.6. யாரும் தவறான பொருள் வாங்கவில்லை, ஆனால் அம்பின் எடை எல்லைக்குக் கீழே போய்விட்டது. இழுவிசையை ஏற்றும் நாளில் அம்பையும் நிறுத்துப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

அதற்காக எடையை அளவின்றி ஏற்றவும் கூடாது. குறைந்த இழுவிசை வில்லில் மிகக் கனமான அம்பு 50 மீட்டருக்குள் அதிகம் தாழும், சைட்டை இறக்க இடம் போதாது. முனையின் எடையைக் கூட்டினால் தண்டு மேலும் வளையும், ஸ்பைன் (தண்டின் விறைப்பு) கணக்கு மாறும். வெளிநாட்டுக் காணொளிகளில் வரும் மிகக் கனமான அம்புகள் பெரும்பாலும் வேட்டைக்கானவை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது, ஆகவே அந்தக் காணொளிகளின் ஆலோசனை நமக்கு வேண்டாம். இலக்குக்கு எய்யும் பலருக்குப் பவுண்டுக்கு 6 முதல் 7 கிரெயின் நல்ல வரம்பு.

எந்தப் பாகம் எப்படித் தேயும்?

டி-லூப்: ரிலீஸ் கருவி கொக்கி போடும் சிறு கயிற்று வளையம். நூல் பிசிறினாலோ முடிச்சு நழுவினாலோ உடனே மாற்றுங்கள். முழு இழுப்பில் அறுந்தால் இழுத்த கை முகத்தில் வந்து மோதும், வில்லும் கட்டுப்பாடின்றி விடுபடும். விலை மிகக் குறைவு, காயம் பெரிது.

பீப்: நாணுக்குள் செருகிய பார்வைத் துளை. அதிர்வில் கட்டு தளர்ந்தால் மேலும் கீழும் நகரும். ரப்பர் குழாய் வைத்த பீப் என்றால் குழாய் வெடிப்புவிட்டு அறுந்து கண்ணை நோக்கித் தெறிக்கலாம். குழாயை மாதம் ஒருமுறை பாருங்கள்.

சைட்டும் ஸ்டெபிலைசரும்: முதலில் தளர்வது இவற்றின் திருகுகள். திருகுக்கும் உடலுக்கும் குறுக்கே பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால், கோடு விலகியதும் தளர்வு தெரிந்துவிடும். குறி திடீரென ஒரு பக்கம் போனால் பிள்ளையைத் திட்டுமுன் திருகைப் பாருங்கள்.

ரெஸ்ட்: அம்பைத் தாங்கும் பாகம். விழும் வகை ரெஸ்ட்டின் கயிறு கேபிளோடு கட்டப்பட்டிருக்கும். நேரம் தவறினால் அம்பின் இறகு ரெஸ்ட்டில் உரசும். இறகில் பவுடர் தூவி எய்தால் உரசும் இடம் தெரியும். பிளேடு வகையில் தகடு உலோகக் களைப்பால் ஒருநாள் முறியும், அதனால் மாற்றுத் தகடு கையில் இருக்கட்டும்.

நாக்கும் சர்விங்கும்: நாக் இறுக்கமாக இருந்தால் நாணின் சுற்றுநூல் (சர்விங்) தேயும். தளர்வாக இருந்தால் அம்பு நாணிலிருந்து கழன்றுவிடும், அப்போது எய்வது வெறும் நாணாகிவிடும். அம்பை நாணில் மாட்டித் தொங்கவிட்டு நாணை விரலால் இலேசாகத் தட்டினால் அம்பு விடுபட வேண்டும், தானாக விழக்கூடாது.

இவை தவிர, கேபிளைத் தள்ளிப் பிடிக்கும் ஸ்லைடும் நாணைத் தடுக்கும் ரப்பரும் தேய்பவை. கேம் இரண்டும் ஒரே நேரத்தில் திரும்பாவிட்டால் அம்பு சரியான எடையில் இருந்தாலும் கேபிள் தேயும். அதைச் சரிசெய்ய வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் கருவி வேண்டும். வீட்டில் வில்லைப் பிரிக்கவே கூடாது.

கடும் காயம் எங்கே வரும்?

அம்பில்லாமல் நாணை விடுவதுதான் வில்லுக்கு நேரும் மிகப் பெரிய அடி. மொத்த ஆற்றலும் வில்லுக்குள்ளேயே திரும்புகிறது. லிம்ப் வெடிக்கலாம், கேம் வளையலாம், நாண் அறுந்து முகத்தில் அடிக்கலாம். மிக இலேசான அம்பு அந்த நிலையை நெருங்குகிறது. தவறி நடந்துவிட்டால் அந்த வில்லை மறுபடி இழுக்காதீர்கள். லிம்பின் மேல் பஞ்சை மெல்ல ஓட்டிப் பாருங்கள், நூலிழை சிக்கும் இடத்தில் கீறல் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சேதமும் இருக்கலாம், ஆகவே பிரஸ் வைத்திருக்கும் கடையில் சோதித்த பிறகே மீண்டும் எடுங்கள்.

கார்பன் அம்பு வேறோர் ஆபத்து. விரிசல் விழுந்த தண்டு எய்யும்போது பிளந்து வில் பிடித்த கையில் பாயும். ஒவ்வொரு தடவையும் எய்வதற்கு முன் அம்பை இரு முனையிலும் பிடித்து மெல்ல வளைத்து, சுழற்றிப் பாருங்கள். முறியும் ஓசை கேட்டால் அது குப்பைக்கு. உடம்பில் குத்திவிட்டால் அம்பைப் பிடுங்காமல், அசையாமல் வைத்து 108ஐ அழையுங்கள்.

சட்டம் உங்களுக்குத் தரும் உரிமைகள்

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளால் நேரும் காயத்துக்கும் இழப்புக்கும் இழப்பீடு கோரும் உரிமையைத் தருகிறது. வில்லாளருக்கு நேராகப் பொருந்தும் இடங்கள் மூன்று.

முதலாவது, பிரிவு 84. தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்தால் மட்டுமல்ல, சரியான பயன்பாட்டுக்கான குறிப்போ தவறான பயன்பாடு பற்றிய எச்சரிக்கையோ போதுமான அளவில் தரப்படாவிட்டாலும் தயாரிப்பாளர் பொறுப்பு. குறைந்தபட்ச அம்பு எடையைச் சொல்லாத வில் இந்த வரம்புக்குள் வரலாம்.

இரண்டாவது, பிரிவு 86. பொருளைப் பூட்டுவதிலும் சோதிப்பதிலும் பராமரிப்பதிலும் நியாயமான கவனம் எடுக்காத, அல்லது தயாரிப்பாளரின் எச்சரிக்கையை வாங்குபவரிடம் சேர்க்காத விற்பனையாளரும் பொறுப்பாளி. வெளிநாட்டுத் தயாரிப்பாளர் இந்தியச் சட்டத்துக்கு உட்படாதவர் என்றாலும் விற்றவரிடம் கேட்கலாம்.

மூன்றாவது, எச்சரிக்கையாக, பிரிவு 87. காயம் நேர்ந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றியமைக்கப்பட்டோ இருந்தால் விற்பனையாளர் மீது வழக்கு நிற்காது. பல நிறுவனங்களின் உறுதிச்சீட்டும் எடை குறைந்த அம்பையும் வெறும் நாண் விடுவதையும் விலக்குகிறது. ஆகவே உங்கள் அம்பு சரியான எடையில் இருந்தது என்று காட்ட முடிவதே உங்கள் வழக்கின் உயிர்.

இணையத்தில் வாங்கினால், 2020 மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இறக்குமதிப் பொருள் உற்பத்தியான நாடும் தெரிவிக்கப்பட வேண்டும்.

புகார் செய்யும் வழி

1. உடைந்த பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள், பழுதும் பார்க்காதீர்கள். வில், அம்பு, பாகம், காயம் அனைத்தையும் படமெடுங்கள். பயன்படுத்திய அம்பைத் தராசில் வைத்த படமும் வேண்டும்.
2. ரசீது, உறுதிச்சீட்டு, கையேடு, கடைக்காரருடன் நடந்த செய்திப் பரிமாற்றம், மருத்துவச் சீட்டு ஆகியவற்றைச் சேர்த்துவையுங்கள்.
3. விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.
4. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை அங்கேயே விசாரிக்கப்படும். 5 லட்சம் வரை கட்டணமில்லை. நீங்கள் வசிக்கும் ஊரின் ஆணையத்திலேயே தொடுக்கலாம், இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும்.

இலாபத்துக்காக நடத்தும் பயிற்சிக்கூடம் வாங்கிய வில்லுக்கு இந்தப் பாதுகாப்பு மறுக்கப்படலாம். பிள்ளையின் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ ரசீது இருப்பது நல்லது.

இன்றே தொடங்கலாம்

வில் வாங்கும்போது குறைந்தபட்ச அம்பு எடையையும், கடையில் பூட்டித் தந்த இழுவிசையையும், விற்ற அம்பின் எடையையும் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். பயிற்சிக்கூடங்கள் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி, இழுவிசை, அம்பின் எடை, நாணும் டி-லூப்பும் மாற்றிய நாள் ஆகியவற்றைப் பதிய வேண்டும். பயிற்சியாளர் கையெழுத்திட வேண்டும். ஒரு நோட்டும் ஒரு தராசும் போதும். இதற்கு முடியாது என்று சொல்லும் கூடத்தில் பிள்ளையைச் சேர்க்காமல் இருக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு; அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.