முந்திரி உண்டோ?

இடப்பள்ளிக்கு நாங்கள் குடிவந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொன்னால், இங்கே பிள்ளை வளர்க்கும் மற்றத் தமிழ்க் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

என் மகளுக்கு முந்திரிப் பருப்பு ஒவ்வாது. மூன்று வயதில் ஒரு துண்டு பர்பி சாப்பிட்டு உதடு வீங்கியபோது தெரிந்தது. அன்று முதல், "யார் எது கொடுத்தாலும் முந்திரி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்" என்று பழக்கினோம்.

ஐந்து வயதில், ஓணத்தன்று பக்கத்து வீட்டுச் சேச்சி பாயசம் கொடுத்தார். குழந்தை மறக்காமல், "முந்திரி உண்டோ?" என்று கேட்டாள். "இல்ல மோளே" என்றார் அவர். அவர் சொன்னது உண்மைதான். மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை! பாயசத்தில் திராட்சை இல்லை. அரைத்துவிட்ட முந்திரிப் பருப்பு இருந்தது. பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, விடாத இருமல். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகே எங்களுக்கு உயிர் வந்தது.

தவறு குழந்தையுடையதும் அல்ல, சேச்சியுடையதும் அல்ல. கேட்கக் கற்றுக் கொடுத்த நாங்கள், எந்த மொழியில் கேட்பது என்று கற்றுக் கொடுக்கவில்லை.

ஒவ்வாமை என்பது உணவிலுள்ள புரதத்தை நம் உடலின் எதிர்ப்புச் சக்தி பகை என்று தவறாக எண்ணித் தாக்குவது. 'அலர்ஜி' என்ற சொல்லை 1906-ல் உருவாக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் பிர்கே. சிலருக்கு மிகச் சிறிய அளவே போதும். ஆகவே "கொஞ்சம் சாப்பிட்டுப் பழகட்டும்" என்று வீட்டில் நாமாகச் சோதனை செய்யக் கூடாது.

இங்கே வாழும் நம் பிள்ளைகள் அறிய வேண்டிய சொற்கள் சில:

முந்திரிப் பருப்பு – அண்டிப்பரிப்பு, கசுவண்டி.
வேர்க்கடலை – கப்பலண்டி, நிலக்கடல.
இறால் – செம்மீன், கொஞ்சு.

இங்கே 'கடல' என்றால் புட்டுக்குத் தொட்டுக்கொள்ளும் கொண்டைக்கடலை. வேர்க்கடலை ஆகாத பிள்ளை 'கடல உண்டோ?' என்று கேட்டால், 'இல்ல' என்ற பதிலுடன் கப்பலண்டி மிட்டாயே கைக்கு வரலாம்.

என் மகள் இப்போது சொல்வது இதுதான்: "எனிக்கு அண்டிப்பரிப்பு கழிக்கான் பற்றில்ல. இதில் உண்டோ?" இதை வீட்டில் கடை வைத்து விளையாடியே பழகினோம். பயமுறுத்தவில்லை. சாலையைக் கடக்கக் கற்றுக் கொடுப்பது போலத்தான்.

வயதுக்கு ஏற்பப் பொறுப்பைக் கூட்டலாம். நான்கு வயதில், "அம்மாவைக் கேட்டுத்தான் சாப்பிடுவேன்" என்று சொன்னால் போதும். பள்ளிக்குப் போகும்போது, டிபன் பாக்ஸைப் பங்கு போடாமல் இருப்பது, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, தொண்டை அரித்தால் உடனே டீச்சரிடம் சொல்வது. படிக்கத் தெரிந்ததும் பாக்கெட்டின் பின்புறம். உணவுப் பாதுகாப்புத் துறையின் 2020 விதிகளின்படி பால், முட்டை, மீன், இறால் வகை, வேர்க்கடலை, பருப்புக் கொட்டைகள், சோயா, கோதுமை ஆகியவை இருந்தால் தனியே குறிப்பிட வேண்டும். ஆனால் பேக்கரியில் எடை போட்டுத் தரும் பலகாரத்தில் லேபிள் இராது. அங்கே வாய்தான் துணை. கேட்டும் சந்தேகம் தீராவிட்டால், "வேண்டாம்" என்று சொல்ல வெட்கப்படக் கூடாது.

பிள்ளை எவ்வளவு தேர்ந்தாலும் பெரியவர்களின் கடமை தீராது. மூச்சுத் திணறல், குரல் மாற்றம், மயக்கம், தடிப்புடன் விடாத வாந்தி ஆகியவை ஆபத்தின் அடையாளம். அப்போது காப்பது தொடையின் வெளிப்பக்கம் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது. குழந்தையை நடக்கவிடாமல் படுக்க வைத்து, மூச்சுத் திணறினால் உட்கார வைத்து, 108-ஐ அழையுங்கள். ஊசி எது, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிப் பள்ளியிலும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

சென்ற ஓணத்துக்கும் சேச்சி பாயசம் கொண்டு வந்தார். என் மகள் வாய் திறக்கும் முன்பே, "அண்டிப்பரிப்பு இல்ல மோளே!" என்று சிரித்தார். அவளோ விடாமல் தன் கேள்வியை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் டம்ளரை வாங்கினாள்.