வழித்தடச் சுருக்கத்தில் எழும் பிழைகளும் அவற்றைக் கண்டறியும் முறைகளும்

ஆய்வுச்சுருக்கம்

கணினி வலையமைப்புகளில் பல வழித்தடங்களை ஒரே வழித்தடமாக அறிவிப்பது வழித்தடச் சுருக்கம் எனப்படும். இது திசைவிகளின் அட்டவணையைச் சிறிதாக்குகிறது. அதே வேளையில், உட்பகுதியில் நேரும் பழுதுகளை வெளியே தெரியாமல் மறைத்தும் விடுகிறது. இவ்வியல்பால் எழும் நான்கு வகைப் பிழைகளையும் அவற்றைக் கண்டறியும் முறையையும் தஞ்சாவூர், பட்டுக்கோட்டை ஊர்ப்பெயர்களால் அமைந்த மாதிரி வலையமைப்பின் துணையுடன் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திசைவி, வழித்தடச் சுருக்கம், முன்னொட்டு, உள்வலை, கருந்துளை, பொதிச்சுழற்சி.

முன்னுரை

பட்டுக்கோட்டைப் பகுதி கல்லணைக் கால்வாயின் பாசனத்தைச் சார்ந்தது. கல்லணையில் மதகைத் திறப்பவர் ஒவ்வொரு வயலையும் கணக்கில் கொள்வதில்லை. கால்வாய்க்கு இவ்வளவு நீர் என்பதே அவர் கணக்கு. இடையே ஒரு கிளை வாய்க்கால் உடைந்தாலும் தலைமதகின் அளவு சரியாகவே காட்டும். கடைமடை உழவருக்கே உண்மை தெரியும். வழித்தடச் சுருக்கத்தின் நிலையும் இதுவே. தலைமைத் திசைவியின் அட்டவணையில் வழித்தடம் இருப்பதைக் கண்டு ‘பழுது ஏதுமில்லை’ என முடிவு செய்தால், கிளைப் பயனரின் முறையீடு நம்பப்படாமல் போகும்.

சுருக்கத்தின் அடிப்படை

1993ஆம் ஆண்டு வகுப்பற்ற முகவரி முறை வரையறுக்கப்பட்டபின், முன்னொட்டின் நீளத்தைத் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ள இயன்றது. பட்டுக்கோட்டைக் கிளையில் 10.20.4.0/24 முதல் 10.20.7.0/24 வரை நான்கு உள்வலைகள் இருப்பதாகக் கொள்வோம். இவற்றை 10.20.4.0/22 என ஒரே வரியில் தஞ்சாவூருக்கு அறிவிக்கலாம். ‘இந்த 1,024 முகவரிகளுக்கும் என் வழியே செல்லலாம்’ என்னும் உறுதிமொழியே இவ்வறிவிப்பு. அவ்வுறுதிமொழி எங்கே பொய்க்கிறது என்று தேடுவதே பிழை கண்டறிதலாகும்.

பிழை 1: எல்லைக் கணக்கு தவறுதல்

அடுத்தடுத்த நான்கு எண்கள் எப்போதும் ஒரே தொகுதியாக அமைவதில்லை. கிளையின் உள்வலைகள் 10.20.3.0 முதல் 10.20.6.0 வரை எனில், மூன்றாம் எண்களை இரும முறையில் எழுதிப் பார்க்க வேண்டும். 3 என்பது 00000011. 4 என்பது 00000100. 6 என்பது 00000110. முதல் ஐந்து இலக்கங்களே பொதுவானவை. எனவே நான்கையும் அடக்கும் மிகச் சிறிய சுருக்கம் 10.20.0.0/21. இது 0, 1, 2, 7 ஆகிய பிறர் உள்வலைகளையும் சேர்த்துக்கொள்கிறது.

0 முதல் 2 வரை ஒரத்தநாட்டுக் கிளைக்கு உரியவை எனில், இயல்பான நாளில் தொல்லை தெரியாது. மிக நீண்ட முன்னொட்டையே திசைவி தேர்ந்தெடுக்கும் என்பதால் ஒரத்தநாட்டின் /24 அறிவிப்பே வெல்லும். அவ்விணைப்பு அறுந்தவுடன் அதற்குரிய பொதிகள் பட்டுக்கோட்டைக்குத் திரும்பி அங்கே அழியும். இதற்குத் தீர்வு 3.0/24, 4.0/23, 6.0/24 என மூன்றாகப் பிரித்து அறிவிப்பதே. முகவரிகளை ஒதுக்கும்போதே இரும எல்லையில் ஒதுக்குவது இதனினும் சிறந்தது.

பிழை 2: தானியங்குச் சுருக்கம்

ரிப் முதற்பதிப்பு உள்வலை மறைப்பை அனுப்புவதில்லை. வகுப்பு எல்லையில் தானே சுருக்கிவிடும். இஐஜிஆர்பி நெறிமுறையிலும் பழைய ஐஓஎஸ் பதிப்புகளில் இது இயல்புநிலையாக இருந்தது. பட்டுக்கோட்டையில் 172.16.1.0/24, பேராவூரணியில் 172.16.2.0/24 இருந்து, இடையிணைப்புகள் 10 எனத் தொடங்கும் முகவரிகளில் அமைந்தால், இரு கிளைகளுமே 172.16.0.0/16 என அறிவிக்கும். இரு தடங்களும் சம மதிப்புடையனவாயின் தஞ்சாவூர் பொதிகளைப் பகிர்ந்து அனுப்பும். சில சேரும், சில சேரா. இணைப்பு விட்டுவிட்டு வருவதாகத் தோன்றும் இக்குறி, கம்பிப் பழுதென்று பலரை மயக்கும். தானியங்குச் சுருக்கத்தை நிறுத்துவதே தீர்வு.

பிழை 3: பொதிச்சுழற்சி

தஞ்சாவூரில் 10.20.4.0/22 என நிலைத்தடம் ஒன்றைக் கையால் எழுதியுள்ளனர். பட்டுக்கோட்டையின் இயல்புத் தடமோ தஞ்சாவூரை நோக்குகிறது. 10.20.7.0 உள்வலை செயலிழந்தால் அதற்குரிய பொதி இரு திசைவிகளுக்கிடையே வாழ்நாள் எண் தீரும்வரை சுழலும். டிரேஸ்ரூட் கட்டளையில் அதே இரு முகவரிகள் மாறிமாறி வருவது இதன் அடையாளம். சுருக்கத்திற்குரிய கழிவுத் தடம் ஒன்றைப் பட்டுக்கோட்டையில் ‘நல் 0’ இடைமுகத்துக்கு அமைத்தால் சுழற்சி நிற்கும்.

பிழை 4: இடமும் உறுப்பும் தவறுதல்

ஓஎஸ்பிஎஃப் நெறிமுறையில் பகுதிகளுக்கிடையிலான சுருக்கம் பகுதி எல்லைத் திசைவியிலும், வெளித்தடச் சுருக்கம் அவ்வெளித்தடங்களைப் புகுத்தும் திசைவியிலும் மட்டுமே பயன் தரும். பிற இடங்களில் எழுதினால் விளைவு இராது. மேலும், உறுப்புத் தடம் ஒன்றேனும் உயிருடன் இருந்தால்தான் சுருக்கம் வெளிப்படும். அந்த ஒன்று இருந்தாலே முழுச் சுருக்கமும் வெளிப்படும் என்பதே இதன் மறுபக்கம். எஞ்சியவை அழிந்ததை யாரும் அறியார். இதுவே கருந்துளை. இரு எல்லைத் திசைவிகள் இருப்பின், அவற்றிடையே அப்பகுதிக்குள்ளேயே நேரிணைப்பு தேவை.

உலக அளவிலான சான்று

24 பிப்ரவரி 2008 அன்று யூடியூப் தன் 208.65.152.0/22 முன்னொட்டை அறிவித்திருந்த நிலையில், பாகிஸ்தான் டெலிகாம் அதனுள் அடங்கிய 208.65.153.0/24ஐ அறிவித்தது. உள்நாட்டுத் தடைக்கென எழுந்த அத்தடம் மேல்நிலை நிறுவனத்தின் வழியே உலகெங்கும் பரவியது. நீண்ட முன்னொட்டு வென்றதால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அத்தளத்தை உலகின் பல பகுதிகளில் அடைய இயலவில்லை. யூடியூப் முதலில் /24ஐயும் பின்னர் /25 தடங்களையும் அறிவித்து மீள முயன்றது. சுருக்கம் மட்டும் அறிவிப்பவர் இத்தகைய நுண்தடத்தின்முன் காப்பற்றவர் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

முடிவுரை

பிழை தேடலைக் கடைமடையிலிருந்து தொடங்குவதே முறை. முதலில் கிளைத் திசைவியில் உறுப்புத் தடங்கள் அனைத்தும் உள்ளனவா எனக் காண்க. அடுத்து இரும எல்லையைக் கணக்கிடுக. பின்பு சுருக்கம் எழுதப்பட்ட இடத்தையும் கழிவுத் தடத்தையும் சரிபார்க்க. இறுதியாகத் தலைமைத் திசைவியில் எந்த முன்னொட்டு வெல்கிறது எனக் காண்க. ஒவ்வோர் உள்வலையிலும் ஒரு கருவிக்கு நேரடியாகப் பிங் அனுப்பிச் சோதிப்பதும் இன்றியமையாதது. ஏனெனில், அட்டவணையில் ஒரு தடம் இருப்பது அதன் வழியே பொதி சென்று சேர்ந்தது என்பதற்குச் சான்றாகாது.